உலர்த்தும் முன் ஈர நெல்லைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுவதால், இயந்திரத்திலிருந்து கொட்டும் நெல்லில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருப்பது அங்கு புதிதல்ல. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை மிகுந்த ஆண்டுகளில் ஒன்றிய அரசு அதைச் சற்றுத் தளர்த்துவதுண்டு. 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல் அந்த வரம்புக்கு இறங்க ஏறத்தாழ 60 கிலோ நீரை இழக்க வேண்டும். அறுத்த 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. வெயிலோ களமோ கிடைக்காமல் அந்த விதி தவறும் ஓரிரு நாள்களில் செய்யும் பிழைகளே நெல்லைப் பெரிதும் கெடுக்கின்றன.

மழைக்கு மட்டும் அஞ்சி, வெப்பத்தை மறந்துவிடுவதே அவற்றுள் முதன்மையானது. அறுத்த பின்னும் நெல்மணி உயிருள்ளதாகவே இருந்து, தன் மாவுச்சத்தை எரித்து மூச்சு விடுகிறது; அதனால் கரியமில வாயுவோடு நீரும் வெப்பமும் உண்டாகின்றன. ஈரம் கூடக்கூட மூச்சு விரைவடையும். வெப்பம் வெளியேற வழியில்லாத குவியலில் அந்த விரைவு மேலும் பெருகி, பூஞ்சணமும் சேர்ந்துகொள்ள, நடுப்பகுதி சூடேறி அரிசி பழுப்பாகிறது. விதை உறக்கம், அதாவது அறுத்தபின் சில காலம் முளைக்காமலிருக்கும் தன்மை, இல்லாத ரகமானால் முளையும் விட்டுவிடும்.

ஆகவே, மாலையில் நெல்லை மலைபோல் குவித்து, தார்ப்பாயைத் தரையோடு இழுத்துக் கட்டி, மழை விட்ட பிறகும் திறக்காமல் விடுவது கூடாது. குவியலிலிருந்து எழும் நீராவி, இரவில் குளிர்ந்த பாயின் அடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் நெல்லின் மேலேயே சொட்டும். கழிகளை நட்டுப் பாயை உயர்த்திக் கட்டி, பக்கவாட்டில் காற்றுக்கு வழிவிட்டு, நெல்லை இயன்றவரை தாழ்வாகப் பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுவதே சரி. மேல் நெல்லைத் தொட்டுப் பார்த்து நிறைவடைவதும் பிழைதான். கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் சூடு தெரியும்.

கொட்டகையில் மின்விசிறி வைத்திருப்போர் பலர், இரவுக் காற்றில் ஈரம் மிகுதி என்று கருதி அதை நிறுத்திவிடுகிறார்கள். நெல்லின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ளவரை அந்தக் காற்று அதை நனைக்கப் போவதில்லை; மாறாக, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றும். விசிறியை இரவிலும் ஓடவிடுவதே நல்லது.

மூட்டை கட்ட நேர்ந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் சாக்குகளில் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைத் தவிர்த்து, சணல் சாக்குகளில் முக்கால் அளவே நிரப்பி, வாயைத் தைக்காமல், மரச் சட்டங்களின் மேல் இடைவெளி விட்டு நிறுத்தி வைக்கலாம். பதரும் பச்சைத் தழையும் கலந்த நெல் இன்னும் வேகமாகச் சூடேறும் என்பதால், முதலில் தூற்றிவிட வேண்டும். காலைப் பனி உலர்ந்த பின் அறுவடையைத் தொடங்கினாலே ஈரம் ஓரளவு குறையும். வாடகை அறுவடை வண்டி வந்து நிற்கும் அவசரத்தில் இது எளிதல்லதான்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு தவறு, முன்னரே காய்ந்த நெல்லோடு புதிய ஈர நெல்லைக் கலந்து ஈரத்தைச் சராசரியாக்க முயல்வது. காய்ந்த மணி ஈரத்தை உறிஞ்சும்போது உள்ளிருக்கும் அரிசியில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவை கண்ணுக்குப் படாமலிருந்து, அரைக்கும்போது நொய்யாக வெளிப்படும். ஈர அளவு மாறுபட்ட நெல்லைத் தனித்தனியாகவே வைத்து உலர்த்த வேண்டும். விதைக்கான நெல்லுக்கு இது இன்னும் கட்டாயம்.

வெயில் வரும் அறிகுறியே இல்லையென்றால், வீட்டுத் தேவைக்கான நெல்லை நாள் கடத்தாமல் அவித்துப் புழுங்கலாக்குவது ஒரு வழி. ஆயினும் அவித்த நெல்லுக்கும் உலர்களம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். பூஞ்சணம் படர்ந்து மக்கல் வாடை அடிக்கும் நெல்லை அவித்தோ காயவைத்தோ மீட்க முடியாது. பூஞ்சணம் உண்டாக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்ற நச்சு சமையல் சூட்டில் அழிவதில்லையாதலால், அத்தகைய நெல்லைக் கால்நடைத் தீவனத்துக்கும் கொடுக்கக் கூடாது.