வகுப்புக் காணொளிக்கு நேரம் குறித்த இணைப்பு: எஸ்3, லாம்டா செய்முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தர வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர் பௌதிகவியல் பாடத்தைப் பதிவுசெய்து, இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மாலைக்குள் அது பணம் கட்டாதவர்களின் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே இணைப்பு, எல்லோருக்கும், எந்நாளும் திறக்கிறது என்பதுதான் சிக்கல். கேட்கும் மாணவருக்குக் கேட்ட நேரத்தில் புதிய இணைப்பை உருவாக்கி, குறித்த நேரத்தில் அது காலாவதியாகும்படி செய்வதை இங்கே பார்க்கலாம். அமேசான் கிளவுட்டின் எஸ்3 சேமிப்பகமும் ஒரு லாம்டா ஃபங்ஷனும் (அழைக்கும்போது மட்டும் அமேசான் ஓட்டும் சிறு நிரல்) போதும். சேர்வர் வாங்கி இரவு பகலாக ஓடவிட வேண்டியதில்லை. பைதன் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

கோப்பையே லாம்டா வழியாக அனுப்பினால் என்ன என்று புதியவர்கள் கேட்பதுண்டு. லாம்டாவின் வழக்கமான பதில் 6 எம்பியைத் தாண்ட முடியாது. ஒரு மணி நேரக் காணொளி அதற்குள் அடங்குமா? புறக்கோட்டை மொத்தக் கடையில் காசாளர் துண்டு எழுதித் தருவார், மூட்டையை நாம் களஞ்சியத்தில் போய் எடுப்போம். அதேபோல் லாம்டா துண்டை மட்டும் எழுதட்டும், கோப்பு எஸ்3இலிருந்து நேராக மாணவரிடம் போகட்டும்.

பக்கெட்

கொழும்பில் அமேசானுக்கு ரீஜியன், அதாவது தரவு மையங்கள் உள்ள பகுதி, இல்லை. பக்கத்தில் இருப்பது மும்பை, சிங்கப்பூர் போன்றவை. நான் மும்பையை எடுத்துக்கொள்கிறேன். எஸ்3 பக்கத்தில் புதிய பக்கெட் (கோப்புகளை வைக்கும் கொள்கலன்) ஒன்றைத் தொடங்குங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில், உலகில் வேறு எவரும் எடுக்காததாக இருக்க வேண்டும்.

பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பு 2023 ஏப்ரலுக்குப் பின் புதிய பக்கெட்டுகளில் தானாகவே இயங்குகிறது. அதை அப்படியே விடுங்கள். பழைய வழிகாட்டிகள் சில முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்கின்றன. அவற்றைக் கேட்டால் நாம் செய்யப்போகும் மற்ற எதற்கும் பொருளில்லை. ஒரு ஃபோல்டரில் காணொளிகளை ஏற்றுங்கள். கோப்புப் பெயர்களை இடைவெளியில்லாத ஆங்கில எழுத்துகளில் வையுங்கள். தமிழ்ப் பெயர் காட்ட வேறு வழி இருக்கிறது.

ஃபங்ஷனும் அனுமதியும்

லாம்டா பக்கத்தில், அதே மும்பை ரீஜியனில், பைதனைத் தெரிவுசெய்து புதிய ஃபங்ஷன் ஒன்றை உருவாக்குங்கள். அதனுடன் ஒரு ரோலும் (ஃபங்ஷனுக்கு உள்ள அனுமதிகளைத் தாங்கும் அடையாளம்) தானாக உருவாகும். தொடக்கத்தில் அதற்கு லொக் (இயக்கப் பதிவு) எழுதும் அனுமதி மட்டுமே உண்டு. அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் அந்த ரோலைத் திறந்து ஒரு பொலிசி (அனுமதி விதி) சேருங்கள்: செயல், கோப்பை வாசிக்கும் எஸ்3 கெட்ஆப்ஜெக்ட் ஒன்று மட்டும், ரிசோர்ஸ், உங்கள் பக்கெட்டில் அந்த ஃபோல்டர் மட்டும்.

ரிசோர்ஸ் வரியின் முடிவில் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் நீங்கள் குறிப்பிடுவது ஃபோல்டரின் பெயரை மட்டும், உள்ளே இருக்கும் கோப்புகளை அல்ல. இணைப்பு ஒழுங்காக உருவாகும். திறந்தால் 403, அதாவது அனுமதி மறுப்பு, வரும். அவசரத்தில் எல்லாச் செயல்களையும் அனுமதித்துவிட்டுப் பின்னர் குறைப்போம் என்று நினைக்காதீர்கள். அந்தப் ‘பின்னர்’ வருவதேயில்லை.

குறிமுறை

லாம்டாவின் பைதன் சூழலில் பொட்டோ3 (அமேசான் சேவைகளை அழைக்கும் பைதன் நூலகம்) ஏற்கெனவே இருக்கிறது. அதை இறக்குமதி செய்து, மும்பை ரீஜியனைக் குறிப்பிட்டு எஸ்3 கிளையன்ட் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு அந்தக் கிளையன்டின் ‘ஜெனரேட் பிரீசைன்ட் யூஆர்எல்’ என்ற மெதட்டை, சொற்களுக்கு நடுவே அடிக்கோடுகள் இட்டு, அழையுங்கள். செயலாகக் கெட் ஆப்ஜெக்ட், அளவுருக்களாகப் பக்கெட்டின் பெயரும் கோப்பின் கீயும் (பக்கெட்டுக்குள் அதன் முழுப் பெயர்), கடைசியாக ஆயுள் விநாடிகளில். ஆயுளைச் சொல்லாவிட்டால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். கிடைக்கும் முகவரியைப் பதிலாகத் திருப்பி அனுப்புங்கள். தரவிறக்கும்போது தமிழ்ப் பெயர் தோன்ற வேண்டுமானால் ‘ரெஸ்பொன்ஸ் கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ என்ற அளவுருவில் அதை யூடிஎஃப்-8 முறையில் குறியேற்றிச் சேர்க்கலாம்.

இந்த அழைப்பு எஸ்3உடன் பேசுவதே இல்லை. ரோலின் இரகசியச் சாவியைக் கொண்டு ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு கையொப்பம் கணக்கிடப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் இல்லாத கோப்புக்கும் இணைப்பு கிடைக்கும், அனுமதியில்லாத கோப்புக்கும் கிடைக்கும். பட்டியலிடும் அனுமதியை ரோலுக்கு நாம் கொடுக்காததால், கோப்பு இல்லாதபோதும் எஸ்3 404 (கோப்பு இல்லை) சொல்லாமல் 403 என்றே சொல்லும். 403 வந்தால் முதலில் கீயில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பொலிசிக்குப் போங்கள்.

கீயை மாணவரின் கோரிக்கையிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. ‘பாடம் 12’ என்று வருவதை எந்தக் கோப்பு என்று தீர்மானிப்பது ஃபங்ஷனின் வேலை.

வாசல்

வெளியிலிருந்து ஃபங்ஷனை அழைக்க, 2022இல் வந்த ஃபங்ஷன் யூஆர்எல் வசதி போதும். அதில் சரிபார்ப்பு வகையை ‘நன்’ (எதுவுமில்லை) என்று வைத்தால் உலகமே அழைக்கலாம். எனவே சோதனையை நீங்களே எழுத வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் நீண்ட, ஊகிக்க முடியாத குறியீடு ஒன்றைக் கொடுத்து, அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபியில் ஓர் அட்டவணை அமைத்து, அதில் அதற்கெதிரே இம்மாதப் பணம் கட்டியாயிற்றா என்று குறித்துவையுங்கள். அட்டவணையை வாசிக்கும் அனுமதியையும் ரோலில் சேர்க்க வேண்டும். அட்டவணை ‘ஆம்’ என்றால்தான் கையொப்பம். இந்தச் சோதனை இல்லாவிட்டால் பழைய நிலைமைதான்.

எவ்வளவு நேரம்?

பலரும் யோசிக்காமல் ஓர் எண்ணைப் போட்டுவிடும் இடம் இது. கோரிக்கை வந்து சேரும் கணத்தில்தான் எஸ்3 ஆயுளைப் பார்க்கிறது. பிடிஎஃப் குறிப்புக்கு 5 நிமிடம் தாராளம். தரவிறக்கம் தொடங்கிவிட்டால் நடுவில் ஆயுள் முடிந்தாலும் ஓடி முடியும். காணொளி அப்படியில்லை. மாணவர் பின்னால் தள்ளி ஒரு கணக்கை மறுபடி பார்க்கும் ஒவ்வொரு முறையும் பிளேயர் புதிய கோரிக்கை அனுப்பக்கூடும். இரண்டு மணி நேரப் பாடத்துக்கு 30 நிமிட ஆயுள் வைத்தால், பாதியில் படம் நின்றுவிடும், உங்கள் தொலைபேசி அலறத் தொடங்கும். நான் பாடத்தின் நீளத்துக்கு மேல் ஒரு மணி நேரம் சேர்ப்பேன்.

மறுபக்கம், ஏழு நாள் வரை ஆயுள் வைக்கலாம் என்று படித்துவிட்டு 604800 என்று எழுதுபவர்களும் உண்டு. அது நிரந்தரச் சாவிக்கு மட்டுமே. லாம்டா ரோலின் சாவி தற்காலிகமானது. அது காலாவதியானால் இணைப்பும் உடனே இறந்துவிடும். முகவரியில் காணும் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்பதையும் கவனியுங்கள். கொழும்பு நேரம் அதற்கு 5.30 மணி முன்னால்.

ஆயுள் முடியும் வரை இணைப்பு யார் கையில் இருந்தாலும் திறக்கும். கொடுத்த ஒரு இணைப்பை மட்டும் திரும்பப் பெறவும் வழியில்லை. கோப்பை நகர்த்தலாம், அல்லது ரோலின் அனுமதியை நீக்கி எல்லா இணைப்புகளையும் சேர்த்து முடக்கலாம். நண்பனுக்கு அனுப்புவதை இது முற்றாகத் தடுக்காது. ஆனால் அடுத்த வாரம் அந்த இணைப்பு ஒன்றுக்கும் உதவாது.

செலவு

மாதம் 10 இலட்சம் அழைப்புகள் வரை லாம்டா இலவசம். அங்கே பில் வராது. பணம் பெரும்பாலும் தரவு வெளியே போவதற்குத்தான். மாதம் 100 ஜிபி இலவசம். 60 மாணவர் ஆளுக்கு ஒரு ஜிபி காணொளி பார்த்தால், இரண்டாவது பாடத்திலேயே அந்த எல்லை தாண்டிவிடும். ஆகவே ஏற்றுமுன் காணொளியைச் சுருக்குங்கள். கரும்பலகையும் குரலும் தெளிவாக இருந்தால் போதும். பில்லிங் பக்கத்தில் ஒரு பட்ஜெட் எச்சரிக்கையையும் அன்றைக்கே வைத்துவிடுங்கள்.