பகல் திரும்பும் நாளில் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் சூரியன் காலை 8.04க்கு எழும்பி, மாலை 3.53க்கே மறைந்துவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கத்தைய டிசம்பர் மனதை அமுக்கத்தான் செய்யும். அதனாலோ என்னவோ, எங்கள் ஆட்களில் பலர் நவம்பரில் அலாட்மென்ட் (வாடகைத் தோட்டத் துண்டு) கொட்டிலைப் பூட்டினால் ஏப்ரலில்தான் திறக்கிறார்கள். என்னைக் கேட்டால், தோட்டக்காரருக்கு வருடம் பிறப்பதே இந்த நாளில்தான். பகல் இனி குறையாது, கூடும். அதை நம்பிச் செய்ய வேண்டிய வேலைகள் கைவசம் நிறைய இருக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள்: வெளிச்சம் முதலில் திரும்பும், சூடு பிறகுதான் வரும். மண்ணும் கடலும் மெதுவாக ஆறி மெதுவாகச் சூடேறுபவை. அதனால்தான் பகல் நீளத் தொடங்கிய பிறகும் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் குளிர் வாட்டுகிறது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில் எதைச் செய்யலாம், எதற்குப் பொறுத்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பகல் நீள்வதும் ஒரே சீராக நடப்பதில்லை. சூரியன் மிக முந்தி மறைவது டிசம்பர் 12 வாக்கில். புதுவருடத்தன்று மாலை 4.02 வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் காலை இருட்டு அப்போதும் விலகியிருக்காது. ஜனவரி முடிவில் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டும். பெப்ரவரி நடுப்பகுதியில் பத்து மணி நேரம் ஆகும். இந்தப் பத்து மணி நேரம்தான் முக்கியம். அதற்குக் கீழே இருக்கும்வரை கீரை வகைகள் ஏறக்குறைய வளர்வதையே நிறுத்திவிடும். இப்போது பாத்தியில் நிற்கும் கேலும் லீக்ஸும் சேமிப்பில் வைத்த காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க எடுக்கக் குறையும், பெப்ரவரி வரை பெருகாது. ஒரு செடியை மொட்டையடிக்காமல், ஒவ்வொன்றிலும் அடி இலைகளாக இரண்டிரண்டு பறியுங்கள்.

நாங்கள் தைப்பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடும் உத்தராயணமும் சூரியன் வடக்கே திரும்புவதைத்தான் குறிக்கிறது. பஞ்சாங்கம் மாதங்களை நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சு மிக மெல்லத் திசை மாறுவதால், சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் என்று விலகி விலகி, இன்று டிசம்பர் 21க்கும் தை முதலாம் நாளுக்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி வந்துவிட்டது. தோட்டக்காரருக்கு இது நல்லதுதான். டிசம்பர் 21இல் உள்ளி (வெள்ளைப்பூண்டு), தை முதலாம் நாளில் விதைக் கணக்கு என்று நான் வேலையைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதல் வேலை: நிழலைக் குறியுங்கள்

அன்று வெயில் அடித்தால் நண்பகல் 12 மணிக்குத் தோட்டத்தில் நில்லுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்குத்தான் வந்திருக்கும். 6 அடி வேலியின் நிழல் 22 அடிக்கு விழுந்து கிடக்கும். மார்ச் 21இல் அதே வேலியின் நிழல் ஏழரை அடிதான். நிழலின் ஓரத்தில் நான்கைந்து தடிகளை ஊன்றிவிடுங்கள். இலையுதிர்ந்த பக்கத்து மரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் அவை வேறு மாதிரி மறைக்கும். வேலிக்கும் சுவருக்கும் மட்டும் சொல்வதென்றால், இன்று நண்பகலில் வெயில் படும் இடத்தில் வருடம் முழுக்க நண்பகல் வெயில் படும். கிரீன்ஹவுஸோ கண்ணாடிப் பெட்டியோ வைப்பதானால் அங்கேதான் வைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் கோடையில் இடம் பிடித்தவர்கள், மார்ச்சில் நாற்றுக்கு வெயில் இல்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்.

உள்ளி ஊன்றுவது

மிகக் குறுகிய நாளில் ஊன்றி மிக நீண்ட நாளில் கிண்ட வேண்டும் என்பது இங்குள்ள பழைய தோட்டக்காரர்களின் வழக்கு. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்துத் துண்டில் தோட்டம் செய்யும் ஆங்கிலேயத் தாத்தா. உள்ளிக்கு ஒன்றிரண்டு மாதமாவது 10 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையாக நின்றுவிடும். அக்டோபர், நவம்பரில் ஊன்றியவர்களுக்கு இன்னும் நல்லது. விட்டவர்களுக்கு டிசம்பர் பிந்திவிடவில்லை.

சமையலுக்கு வாங்கிய உள்ளியை ஊன்ற வேண்டாம். அது சூடான நாடுகளுக்கு ஏற்ற இனமாக இருக்கலாம், வைரஸ் நோயும் சேர்ந்து வரலாம். விதைக்கென்றே விற்பதை வாங்குங்கள். 'சொலென்ட் வைட்' இந்த நாட்டுக் குளிருக்கு ஒத்துப்போகும், கனநாள் வைத்திருக்கலாம்.

பல்லை ஊன்றும் நாளில்தான் உடைத்துப் பிரிக்க வேண்டும். தோலை உரிக்காதீர்கள். வெளிச்சுற்றில் இருக்கும் பெரிய பற்களை ஊன்றலுக்கு எடுத்து, நடுவில் உள்ள சின்னதுகளைக் குழம்புக்கு வையுங்கள். ஒரு பல்லை விரலில் பிடித்துப் பார்த்தால் ஒரு முனை கூராகவும், மறுமுனை தட்டையாகக் காய்ந்த வேர்த்தழும்போடும் இருக்கும். கூர்முனை மேலே இருக்கவேண்டும், அதன் மேல் ஒரு அங்குல மண். பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 30. மண்ணுக்குள் அழுத்தித் திணித்தால் வேர் விடும்போது பல் மேலே எழும்பிவிடும். சின்னக் கிடங்கு போட்டு வைத்து மூடுங்கள். குருவிகள் முளையைப் புழு என்று இழுத்துப் போடும், வலை போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

லண்டனில் பெரும்பாலும் களிமண். ஊன்றுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்குங்கள். விரலிடுக்கில் பிதுங்கி வந்து, கையைத் திறந்ததும் பளபளவென்று கொழுக்கட்டையாக நின்றால் அன்று அந்தப் பாத்தியை விட்டுவிடுங்கள். மிதித்தாலே மண் இறுகிவிடும், தண்ணீர் தேங்கி உள்ளி அழுகும். அப்படியான மண்ணுள்ளவர்கள் 9 சென்டிமீட்டர்ச் சாடிகளில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி வெளியே, மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், அதற்குத் தேவை குளிர்தான். மார்ச்சில் வேர்ப்பிடிப்போடு அப்படியே பாத்திக்கு மாற்றலாம். முன்பு வெங்காயமோ லீக்ஸோ நின்று வெள்ளைப் பூஞ்சண அழுகல் கண்ட பாத்தியில் உள்ளி வைக்காதீர்கள், அந்த நோய் பல வருடம் மண்ணிலேயே கிடக்கும்.

கறிவேப்பிலையைக் காப்பாற்றுவது

இந்த மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அக்கா, கறிவேப்பிலை எல்லாம் கொட்டிப்போச்சு, செத்துட்டுதா?" என்பதுதான். பெரும்பாலும் சாகவில்லை. வெளிச்சம் குறைந்ததும் அது தூங்கப் போகிறது. பதறிப்போய்த் தண்ணீரையும் பசளையையும் ஊற்றுவதால்தான் வேர் அழுகிச் சாகிறது.

தண்டின் அடியில் நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். அடிவரை பச்சையே இல்லாவிட்டால்தான் கைவிட வேண்டும். உயிருள்ள செடியை வீட்டில் அதிக வெளிச்சம் வரும் யன்னலோரத்தில், ரேடியேட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். இரவில் 12 பாகைக்குக் கீழே போகாத அறையாக இருக்கட்டும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. மிஞ்சிய இலைகளின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் சிவப்புச் சிலந்திப்பூச்சி அங்கேதான் கூடு கட்டும். சாடி மாற்றுவது, கிளை வெட்டுவது, பசளை போடுவது எல்லாம் மார்ச் கடைசியில் புதுத் துளிர் தெரிந்த பிறகு.

வெளியே சில வேலைகள்

ஆப்பிள், பேரி மரங்களை இலையில்லாத இந்தக் காலத்தில் வெட்டலாம்: காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது. பிளம், செரி மரங்களை இப்போது தொடாதீர்கள், வெட்டிய காயம் வழியே வெள்ளியிலை நோய் ஏறும். அவற்றுக்குக் கோடைதான். சமர்செட் பக்கம் கார்ஹாம்ப்டனில் ஜனவரி 17 அன்று ஆப்பிள் மரத்தடியில் கூடிப் பாடி, சைடரை (ஆப்பிள் மதுவை) வேரில் ஊற்றி, தோய்த்த ரொட்டியைக் கிளையில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எங்கள் பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் பிந்தி வருகிறது. இரண்டுமே எனக்குப் பிடிக்கும்.

ருபார்ப் (புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் செடி) இருந்தால் ஜனவரியில் ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து மூடுங்கள், எட்டு வாரத்தில் இளஞ்சிவப்பாக மென்மையான தண்டு வரும். வெறும் பாத்திகளில் மக்கிய குதிரை எருவை இரண்டு அங்குலம் பரப்பி விடுங்கள். கொத்த வேண்டாம், மண்புழு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

விதையும் மிளகாயும்

தைப்பொங்கல் வாரத்தில் விதைப்பெட்டியைத் திறங்கள். வெங்காயம், லீக்ஸ், பார்ஸ்னிப் விதைகள் பழசானால் முளைப்பது குறையும், புதிதாக வாங்குங்கள். தக்காளி நான்கைந்து வருடம் தாங்கும். சந்தேகமானதைப் பத்து விதை எடுத்து ஈரமான கிச்சன் பேப்பரில் சுற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் எறிந்துவிடலாம். ஊருக்குப் போய் வருபவர்களிடம் விதை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பயிரிடும் விதையை இங்கே கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பருவக் கடைசியில் வரும் காய்களைக் காயவைத்து நீங்களே விதை எடுத்துப் பழகுங்கள்.

மிளகாயில்தான் எல்லோருக்கும் அவசரம். பகல் திரும்பிவிட்டது என்று டிசம்பரிலேயே போட்டால், முளைத்தது யன்னலைப் பார்த்து வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். முளைக்கச் சூடு போதும், நிமிர்ந்து நிற்க வெளிச்சம் வேண்டும். அதனால் எல்ஈடி விளக்கு வைத்திருப்பவர்கள் ஜனவரி கடைசியில் போடுங்கள். யன்னல் மட்டும்தான் என்றால் பெப்ரவரி கடைசி வரை பொறுங்கள். பிந்திப் போட்டது ஏப்ரலில் முந்திப் போட்டதைப் பிடித்துவிடும்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, 25 பாகை அளவு சூட்டில் மூடி வையுங்கள். சாதாரண மிளகாய் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும், ஸ்கொட்ச் பொனெட் ஒரு மாதம்கூட எடுக்கும், அதை முதலில் போட வேண்டும். முளை கண்ட அன்றே மூடியை எடுத்து விளக்கின் கீழ், ஒரு சாண் இடைவெளியில், நாளுக்கு 14 மணி நேரம் வையுங்கள். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து குடிக்க விடுங்கள். இரண்டாம் சோடி இலை வந்ததும், இலையில் பிடித்து (தண்டில் பிடித்தால் நசுங்கும்) தனிச் சாடிக்கு மாற்றுங்கள். கத்தரிக்கும் இதே முறை, இதே நேரம். மே மாதம் கிரீன்ஹவுஸுக்குப் போகலாம், திறந்த வெளிக்கு ஜூன் தொடக்கம். அதற்குள் உறைபனி முடிந்திருக்கும்.