வன்னியில் நெடுந்தூரம் ஓடத் தொடங்குவோருக்கு: முதல் பன்னிரண்டு வாரங்கள்

எங்கள் பக்கத்தில் ஓட்டம் என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிதான். சுண்ணாம்புக் கோட்டில் நின்று, விசில் சத்தம் கேட்டதும் மூச்சு முட்டும்வரை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, பிறகு மரநிழலில் குந்தியிருந்து குளுக்கோஸ் தின்ற நினைவு அது. இருபது வருடங்கள் கழித்து, மருத்துவர் சீனி கூடிவிட்டது என்று சொன்ன பிறகு ஒருவர் மீண்டும் ஓடலாம் என்று வீதியில் இறங்கும்போதும், அவருடைய கால்களுக்குத் தெரிந்தது அந்தப் பாய்ச்சல் ஒன்றுதான். இருநூறு மீற்றர் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைக்கிறது. தனக்கு ஓட்டம் சரிவராது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். கிளிநொச்சியில் காலையில் ஒன்றாக ஓடும் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரில் அநேகமாக எல்லோரும், நான் உட்பட, ஒருமுறையாவது அப்படித் திரும்பிப் போனவர்கள். ஆகவே கீழே உள்ள படிகள் பலவாக இருந்தாலும், அவை கற்றுத்தர முயல்வது மெதுவாக ஓடும் திறன் ஒன்றைத்தான்.

படி 1: தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்

நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஓடத் தொடங்கக்கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொதுவான விதி. வன்னியில் அதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2009 வரையான போர்க்காலத்தின் செல் துண்டுகளும் சன்னங்களும் இன்னமும் உடலில் இருப்பவர்கள் இங்கே பலர். "இத்தனை வருடம் ஒன்றும் செய்யாதது இனி என்ன செய்யப்போகிறது" என்று அவர்கள் சொல்வது வழக்கம். ஆனால் முள்ளந்தண்டு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் அருகே துண்டு இருப்பின், எக்ஸ்றே எடுத்துக் காட்டி மருத்துவரின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே ஓட வேண்டும். எங்களில் ஒருவர் தொடையில் துண்டோடுதான் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிறார். இன்னொருவரை ஓட வேண்டாம் என்று மருத்துவர் மறித்துவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் புறப்பட்டு, வேகநடையாக வந்து, எங்களோடு முடிக்கிறார்.

வயதைக் காரணம் காட்டித் தயங்குபவர்களுக்கு முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்வேன். அவர் 2023ஆம் ஆண்டு, தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றார்.

படி 2: சப்பாத்து

அதிக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும், குதி நழுவக்கூடாது, அவ்வளவுதான். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. வெறுங்காலோடு ஓடுவதை வீரமாகக் கருதுவோர் எங்கள் ஊர்களில் உண்டு. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மரதன் வென்றதையும் எடுத்துச் சொல்வார்கள். அதே பிகிலா 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் வென்றதை யாரும் சொல்வதில்லை. கிறவல் வீதியின் கூர்ங்கற்களும் வேலியோரத்து முள்ளும் இருக்கும் இடத்தில், தொடங்குபவருக்குச் சப்பாத்துத்தான் பொருத்தம்.

படி 3: இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்யுங்கள்

முதல் மாதத்துக்கு மிகச் சிறந்த இடம் அருகிலுள்ள விளையாட்டு மைதானம். 400 மீற்றர் ஓடுபாதை உள்ள மைதானமாயின், உள் ஒழுங்கையில் பன்னிரண்டரைச் சுற்று ஓடினால் 5 கிலோமீற்றர். கைக்கடிகாரத்தைத் தவிர வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுத்துச் சிறந்தவை வாய்க்கால் கரைகளும் குளக்கட்டுப் பாதைகளும். மண் இறுகியிருக்கும், ஆனால் தார் வீதியைப்போல் முழங்காலில் அடிக்காது. மாரி மழை தொடங்கியபின் அவை வழுக்கும் என்பதால், ஐப்பசி முதல் மார்கழி வரை அவற்றைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி அளவெடுக்க வசதியானது. வீதியோரக் கற்கள் கிலோமீற்றரைக் காட்டுகின்றன. ஊர்ப்பெயர்களோ இன்னமும் மைலில்தான் இருக்கின்றன. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று நாங்கள் சொல்லும் இடம் கண்டியிலிருந்து மைல் எண்ணிய காலத்துப் பெயர். ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் என்பதை மறந்து, அடுத்த கட்டைவரைதானே என்று புறப்பட்டுக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தபோதிலும், பேருந்துகளும் டிப்பர்களும் இரைந்து செல்லும் அந்த வீதியைத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. எந்த வீதியில் ஓடினாலும் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி, வெளிர்நிற மேற்சட்டை அணிந்து ஓடுங்கள். விடியுமுன் வீதியில் படுத்திருக்கும் மாடுகளை வாகனச் சாரதிகளைப்போலவே ஓடுபவரும் கடைசி நேரத்தில்தான் காண்பார். தை கடைசி முதல் பங்குனி வரை, காலபோக அறுவடையின்போது, வீதியோரத்தில் நெல் காயவிட்டிருப்பார்கள். அதைச் சுற்றித்தான் போக வேண்டும். நெல்லின் மேல் மிதித்து ஓடியவர் அந்த ஊர் வழியாக மறுபடி ஓட முடியாது.

இனி, விட்டுக்கொடுக்க முடியாத மூன்று விடயங்கள் உள்ளன. முதலாவது, பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி உண்டென்று எச்சரிக்கும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் மட்டுமல்ல, பலகை விழுந்திருக்கக்கூடிய இடத்திலும் இந்த விதி பொருந்தும். சிறுநீர் கழிக்கும் அவசரமென்றாலும் வீதியோரமே போதும். இரண்டாவது, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற காட்டோரப் பகுதிகளில் நன்றாக வெளிக்கும்வரை புறப்படாதீர்கள்; இரவில் வயலுக்கு வந்த யானை காட்டுக்குத் திரும்பும் நேரம் அது. மூன்றாவது, நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடவுங்கள், குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்யுங்கள். பெரும்பாலும் அது போதும். கடித்துவிட்டால், காயம் சிறிதாயினும், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்காக அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேரம் என்றால் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில்தான். பங்குனி, சித்திரையில் ஏழரை மணி வெயிலே சுடும். கடந்த ஆவணியில் கனடாவிலிருந்து வந்திருந்த என் உறவினர் ஒருவர், அங்கே பத்துக் கிலோமீற்றர் தவறாமல் ஓடுபவர், இங்கே ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மூன்றாவது கிலோமீற்றரில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் படுத்துவிட்டார். உடல் வெக்கைக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் எடுக்கும். அதுவரை தூரத்தையும் வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றோடு திரும்புங்கள்.

படி 4: கதைத்துக்கொண்டு ஓடும் வேகம்

சரியான வேகத்தை அறிய இதயத்துடிப்பை அளக்கும் கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் கதைக்க முடிந்தால் அதுவே உங்கள் வேகம். "ஓம்", "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் நீங்கள் பாய்கிறீர்கள். இது வெறும் வசதிக்காகச் சொல்லப்படுவதன்று. மெதுவான ஓட்டத்தில் தசைகள் போதிய ஒட்சிசனைப் பெற்றுக் கொழுப்பையும் எரிபொருளாக்கிக்கொள்கின்றன. வாரக்கணக்கில் அப்படி ஓடும்போது தசைக்குள் நுண்ணிய குருதிக்குழாய்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் குருதியின் அளவும் கூடுகிறது. மூச்சு முட்ட ஓடினால், இவை வளர்வதற்கு வேண்டிய நேரம் கிடைக்கும் முன்பே நீங்கள் வீதியோரத்தில் குந்திவிடுவீர்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் உறுதிபெற மாதங்கள் செல்கின்றன. ஆறாவது வாரத்தில் உற்சாகம் மேலிட்டு வேகத்தைக் கூட்டுபவர் ஏழாவது வாரத்தில் நொண்டுவது இதனால்தான்.

தனியாக ஓடும்போது யாரோடு கதைப்பது என்று கேட்பீர்கள். அதனாலேயே முதல் நாளிலிருந்து ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஓடத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. சைக்கிளில் பக்கத்தில் வரலாம். எங்களோடு ஓடும் பெண்கள் மூவரும் தொடக்கத்தில் அப்படித்தான், தம்பியோ அண்ணனோ சைக்கிளில் பின்தொடர வந்தார்கள். இப்போது தம்பிமார் வருவதில்லை, நித்திரை அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது; பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் வீட்டு வாசலில் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

படி 5: பன்னிரண்டு வாரத் திட்டம்

வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் ஓடுங்கள்; எங்களுக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட வேகநடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியுங்கள். இடையில் செய்ய வேண்டியது பின்வருமாறு.

முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அதை எட்டு முறை செய்யுங்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும் ஆறு முறை. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது, அதுவும் ஆறு முறை. ஏழாம், எட்டாம் வாரங்களில் ஐந்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை, ஐந்து முறை. ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் பத்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை, மூன்று முறை. பதினோராம் வாரத்தில் பதினைந்து நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் ஒரு நிமிட நடை. பன்னிரண்டாம் வாரத்தில் முப்பது நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள்.

ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யலாம். ஒன்றைத் தாண்டிப் பாய்வது மட்டும் கூடாது. எனக்கு ஏழாம் வாரக் கட்டம் நான்கு வாரம் எடுத்தது.

படி 6: தண்ணீரும் சாப்பாடும்

முப்பது நிமிட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். புறப்படுமுன் ஒரு கோப்பை, திரும்பியபின் தாகம் தீரும் அளவு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடத் தொடங்கும்போதுதான் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்தால் கடைப்பானத்துக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. புறப்படுமுன் பனங்கட்டியோடு ஒரு பிளேன்டி, திரும்பியபின் பழஞ்சோறோ அவித்த பயறோ கௌபியோ. முறிகண்டிக் கச்சானுக்கும் நான் எதிரியல்ல.

படி 7: வலி

அடுத்த நாள் தொடையும் கெண்டைக்காலும் இரு பக்கமும் ஒரேயளவில் நோவது இயல்பு. ஒரு காலில் மட்டும், ஓரிடத்தில் மட்டும், ஓட ஓடக் கூடும் வலி இயல்பன்று. அன்றே நிறுத்த வேண்டும். தொடங்குபவர்களை அதிகம் வாட்டுவது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் ஓரமாக எழும் வலி. ஒரு வாரம் ஓய்ந்து, மண்பாதையில், முன்னைய கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் போய்விடும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் நோ நிலைத்திருந்தால் எலும்பில் நுண்வெடிப்பு இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் போங்கள்.

வலிக்குளிசை போட்டுவிட்டு ஓடும் பழக்கத்தை மட்டும் யாரும் தொடங்காதீர்கள். டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்றவை, உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில், சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைக்கின்றன. சிறுநீரக நோய் ஏற்கெனவே இத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் உலர் வலயத்தில் அது தேவையற்ற விளையாட்டு.

படி 8: முதல் "மரதன்"

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் எங்கள் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் எந்த வீதியோட்டத்துக்கும் மரதன் என்றுதான் பெயர். அது ஐந்து கிலோமீற்றராகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், அதாவது மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ34 வீதியின் பெரும்பகுதி. ஆகவே பெயர் கொடுக்குமுன் தூரத்தைக் கேளுங்கள். முப்பது நிமிடம் நிற்காமல் ஓடுபவருக்கு ஐந்து கிலோமீற்றர் இன்னும் ஐந்து, பத்து நிமிடம்தான். கொடி அசைந்ததும் இளம் பொடியன்கள் முன்னால் பறப்பார்கள்; பறக்க விடுங்கள். வழியில் வாளியோடு நிற்பவர்கள் உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். சப்பாத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்த காலுறை கொப்புளம் தரும். மறுநாள் நடை மட்டும்.

அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு வாரம் முடித்தவர், அடுத்துப் புதிதாக வருபவரோடு கடைசி ஆளாக ஓட வேண்டும். ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மறுபடியும் முதலிலிருந்து. இன்றைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அவர் கேட்பார். எட்டு நிமிடம் என்று சொல்லுங்கள்.