எலக்ட்ரோ ஃபங்க் தொகுப்பைக் கேட்பது எப்படி

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத் திருவிழாக்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். எந்தப் பாட்டு வந்தாலும் என் காது முதலில் பாஸுக்குத்தான் போகும். 1980களின் தொடக்கத்து எலக்ட்ரோ ஃபங்க், அதாவது மெஷின் தாளத்தில் ஓடும் ஆட்ட இசைத் தொகுப்பு கிடைத்தால் நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். பாடகரைத் தேடினால் சீக்கிரம் சலித்துவிடும். இங்கே கதாநாயகன் ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள மெஷின்.

போன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். 808இன் பாஸ் டிரம் 'தும்' என்று விழுந்து நீளமாக இழுக்கும். போனில் அந்த இழுவை வராது, மேலே தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பாஸ் பெட்டி இருந்தால் நல்லது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அக்கா படுத்திருப்பார்.

முதலில் 'பிளானட் ராக்'. 1982, நியூயார்க்கின் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அவரது குழு சோல்சோனிக் ஃபோர்ஸும். அதற்கு முன் ஜெர்மன் குழு கிராஃப்ட்வெர்க்கின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' (1977), 'நம்பர்ஸ்' (1981) இரண்டையும் கேட்டுவிடுங்கள். மெட்டு முதலாவதிலிருந்தும் தாளம் இரண்டாவதிலிருந்தும் வந்தது உடனே பிடிபடும். தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரிடம் அப்போது 808 கிடையாது. பத்திரிகை விளம்பரம் பார்த்து, மெஷினோடு வருகிற ஒருவரை 20 டாலருக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஆளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், நம்ம தொழில்காரர்!

பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒரு முறை பாஸ் டிரம்மை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை கைதட்டலையும் மணிச் சத்தத்தையும். காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவர் கூட்டம் சூடேறினால் வேகம் கூட்டுவார். இந்த மெஷின் அசையாது. ஒரு சுற்றை 16 கட்டங்களாகப் பிரித்து, எதில் அடி, எதில் வெறுமை என்று வைத்ததுதான் ஆட்டமே. காலை ஆட்டி வைப்பது அடி விழாத கட்டங்கள் என்பது போகப் போகத் தெரியும்.

அப்புறம் சைபோட்ரானின் 'கிளியர்' (1983). அதே கிராஃப்ட்வெர்க் வேர்தான், ஆனால் டெட்ராய்டில் முளைத்தது. நியூயார்க்கின் கொண்டாட்டம் இதில் இல்லை, குளிர்ந்து கிடக்கும். இந்தக் குழுவின் ஹுவான் அட்கின்ஸ்தான் பிறகு டெக்னோ என்ற மெஷின் ஆட்ட இசைக்கு வழி போட்டவர்களில் ஒருவர். என்னைக் கேட்டால் தொகுப்பில் இதுவே உசத்தி. ரோபோ போலப் பேசும் வோகோடர் குரல்கள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

நீளத்தையும் பாருங்கள். 12 அங்குல இசைத்தட்டில் 'பிளானட் ராக்' 7 நிமிடத்துக்கு மேல் ஓடும். உங்கள் தொகுப்பில் நாலு நிமிடம் என்றால் வெட்டிய வடிவம். லண்டனில் 1983இல் தொடங்கிய 'ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் எலக்ட்ரோ' வரிசை போல ஒன்றோடொன்று இணைத்த தொகுப்பாக இருந்தால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

ஈக்வலைசரில் பாஸை ஏற்றாதீர்கள். வாடகை செட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள் சத்தத்தைக் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள். ஸ்பீக்கர் கோன் கிழிந்தால் முன்பணம் திரும்பி வராது.