வெர்சாய் ரோஜா படித்துவிட்டு வாசகர் குறிப்பு எழுதுவது எப்படி?

பழைய ஷோஜோ மங்கா (சிறுமிகளுக்கென்று வரையப்படும் ஜப்பானியப் படக்கதை) ஒன்றை முடித்ததும் "சூப்பர், அழுதுட்டேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அடுத்து படிக்க வருபவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எந்தப் பக்கத்தில் அழுகை வந்தது, யாருக்காக வந்தது என்று சொன்னால்தான் அது குறிப்பு. பயிற்சிக்கு ரியோகோ இகெடாவின் 'தி ரோஸ் ஆஃப் வெர்சாய்' தொடரை எடுத்துக்கொள்வோம். 1972-லும் 1973-லும் ஜப்பானின் 'மார்கரெட்' வார இதழில் வந்தது. வாசகிகளின் மோகம் கதையின் மையத்தையே நகர்த்திவிட்ட தொடர் என்பதால் இந்த வேலைக்கு இதைவிடத் தோதானது கிடைப்பது கஷ்டம். கதை முடிவு வரை பேசப்போகிறோம், அதனால் இன்னும் படிக்காதவர்கள் மூன்றாம் படிக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவையானவை: உடோன் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு (5 கெட்டி அட்டைத் தொகுதிகள்), ஒரு நோட்டு, பென்சில், ஒட்டுத்தாள் ஒரு கட்டு.

1. பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். இது அரை மணி நேரத்தில் பழகிவிடும். ஷோஜோ பக்கத்தில் தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். கட்டங்கள் ஒழுங்காக நிற்காது. ஒரு பாத்திரம் மூன்று கட்டங்களை மறைத்துக்கொண்டு தலை முதல் கால் வரை நிற்கும். பேச்சு பலூனுக்கு வெளியே வரிகள் மிதக்கும். அந்த மிதக்கும் வரிகளைக் கதைசொல்லியின் குரல் என்று நினைத்துப் படித்தால் யாருக்கு யார் மேல் காதல் என்பதே குழம்பிப்போகும். அவை பெரும்பாலும் மனசுக்குள் ஓடும் பேச்சு. வரிக்கு மிக அருகில் இருக்கும் முகம் யாருடையது என்று பாருங்கள், அனேகமாக அவருடைய நினைப்புதான். பின்னணியில் திடீரென ரோஜா பூப்பதும் கண்ணுக்குள் நட்சத்திரம் மின்னுவதும் உணர்ச்சிக்கான அடையாளங்கள். அறைக்குள் பூ எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டாம்.

2. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும்

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு முன், மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றியது, இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் வாசகிகள் இதை வாரம் ஒரு துண்டாகப் படித்தவர்கள்; அடுத்த இதழ் வரும்வரை ஊகத்திலேயே இருந்தவர்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுதினால் தெரிந்துபோன முடிவு முந்தைய உணர்வுகளையெல்லாம் பூசி மெழுகிவிடும்.

3. யார் பக்கம் சாய்கிறீர்கள்?

தொடக்கத்திலேயே 1755-இல் பிறந்த மூவர் வருகிறார்கள்: பிரான்ஸின் அரசியாகப்போகும் மாரி அந்துவானெத், ஸ்வீடன் பிரபு ஃபெர்சென், ஆணாக வளர்க்கப்படும் தளபதி மகள் ஆஸ்கர். முதல் இருவரும் வரலாற்றில் இருந்தவர்கள், ஆஸ்கர் கற்பனை. இகெடா நாயகியாக நினைத்துத் தொடங்கியது அந்துவானெத்தை. வாசகிகள் பிடித்துக்கொண்டது ஆஸ்கரை.

ஒவ்வொரு தொகுதி முடிவிலும் "யார் வருவார் என்று காத்திருந்தேன்?" என்று ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் மாறும் இடத்தில் ஒட்டுத்தாள் வையுங்கள். ஃபெர்செனோடு நடனமாட ஆஸ்கர் கவுன் அணிந்து, யாரென்று சொல்லாமல் விருந்துக்குப் போகும் காட்சியை உதாரணமாகப் பாருங்கள். "அழகு" என்று மட்டும் எழுதினால் போதாது. உடை உங்களைக் கவர்ந்ததா, அவள் வாய் திறக்காமல் இருந்தது உறுத்தியதா, அவன் தேடுவது வேறொருத்தியை என்று தெரிந்ததும் மனசு கனத்ததா? மூன்றும் மூன்று வேறு எதிர்வினைகள்.

4. நெருடும் இடங்கள்

ஆஸ்கரோடு சிறுவயது முதல் வளர்ந்து அவளைக் காதலிக்கும் வேலைக்காரன் ஆந்த்ரே அவள் சட்டையைக் கிழிக்கும் காட்சியும், அவளுக்குத் தரும் ஒயினில் அவன் விஷம் கலக்கும் காட்சியும் இன்றைய வாசகரைக் கட்டாயம் நிறுத்தும். நிறுத்தட்டும். இங்கே எல்லோரும் செய்வது இரண்டில் ஒன்று: "அந்தக் காலம் அப்படி" என்று கடந்துபோவது, இல்லையென்றால் தொடரையே குப்பை என்று ஒதுக்குவது. இரண்டுமே சோம்பேறித்தனம். நோட்டில் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் உங்கள் கோபம், மறைக்காமல். மறுபக்கம் மங்காவின் பக்கத்தில் உள்ளது: எத்தனை கட்டங்கள் ஆஸ்கரின் முகத்தில் நிற்கின்றன, எத்தனை ஆந்த்ரேயின் முகத்தில், அவன் பின்வாங்கியதும் மன்னிப்பை யார் வாயில் வைக்கிறது கதை. இப்படி எண்ணி எழுதிய குறிப்போடு யாரும் சண்டை போடலாம். வெறும் கோபத்தோடு சண்டை போட முடியாது.

5. ஆஸ்கருக்குப் பிறகு

1789 ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் பாரிஸின் பாஸ்தீய் சிறைக்கோட்டையைப் பிடித்த நாள். ஆஸ்கர் இறக்கிறாள். கதை அதோடு முடியவில்லை. 1793-இல் அந்துவானெத் தலை வெட்டும் கில்லட்டினுக்குப் போவதும், 1810-இல் ஃபெர்சென் கும்பலிடம் சிக்கிச் சாவதும் வருகின்றன. "கடைசிப் பகுதி அவசரமாக ஓடுகிறது" என்று புதியவர்கள் எழுதுவது உண்மைதான். ஆஸ்கர் போனபின் தொடரைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னது பத்திரிகை. இந்தக் காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால் குறை சொல்வது நியாயமாக இருக்கும்.

6. அனிமேயைக் கலக்காதீர்கள்

1974-இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராஸுகா குழுவின் மேடை நாடகம், 1979-இல் தொடங்கிய 40 பகுதி அனிமே, 2025-இல் திரைப்படம் என்று இதற்குப் பல வடிவங்கள். அனிமேக்கு நடுவில் இயக்குநர் மாறினார். தடாவோ நாகஹாமா போய் ஒசாமு டெசாகி வந்தபின் தொனியே இருண்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்தால், மங்காவில் இல்லாத சோகத்தை மங்காவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அனிமே ஞாபகம் வரும் வரிகளுக்குப் பக்கத்தில் 'அ' என்று குறித்து, கடைசியில் அடித்துவிடுங்கள்.

இனி ஒட்டுத்தாள் வைத்த பக்கங்களை மட்டும் எடுத்து 300 சொற்களில் எழுதுங்கள். ஊகம் பொய்த்த இடத்தில் தொடங்கினால் எழுத்து தானாக ஓடும். கதைச் சுருக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பக்க எண் கொடுக்கும்போது பதிப்பு, தொகுதி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஜப்பானியப் பதிப்புகளில் தொகுதிப் பிரிப்பு வேறு, வெறும் பக்க எண்ணை வைத்து யாராலும் அந்தக் காட்சியைத் தேடி எடுக்க முடியாது.