சின்ன வீடு, சொந்தக் காய்கறி: வரைபடத்திலேயே நுழைந்துவிடும் தவறுகள்

சிறிதாக ஒரு வீடு, அதிலேயே கொஞ்சம் காய்கறி என்று திட்டம் போடுபவர்களின் வரைபடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். சமையலறை மேடையின் உயரம் முதல் ஜன்னலின் அகலம் வரை வீட்டுக்கு எல்லா அளவும் இருக்கும். தோட்டம் மட்டும் பச்சை அடித்த ஒரு கட்டம். அதன் எடை எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வரும், தினமும் யார் அங்கே போவார்கள் என்று ஒன்றும் எழுதியிருக்காது. பின்னால் வரும் தொல்லைகள் பெரும்பாலும் அந்தப் பச்சைக் கட்டத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் ஆசைக்கு ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்றால் ஆண்டுக்கு 7,30,000. ஒரு கிலோ உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 770 கலோரி இருக்கிறது. அதை மட்டுமே தின்று காலம் தள்ளினாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 950 கிலோ வேண்டும். சதுர மீட்டருக்கு 3 கிலோ விளைந்தாலும் 300 சதுர மீட்டருக்கு மேல் நிலம் தேவை. சின்ன வீட்டில் இது ஆகிற காரியம் இல்லை. வயிற்றை நிரப்புவதை வெளியே வாங்கிக்கொண்டு, பறித்த சில மணி நேரத்தில் வாடிப்போகிற கீரை, மூலிகை, அப்புறம் தக்காளி என்று இறங்கினால் நாலைந்து சதுர மீட்டரிலேயே பலன் தெரியும்.

எடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயம் இருப்பது நல்லது. நன்றாக நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். மாடியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் கொட்டினால் சதுர மீட்டருக்கு 500 முதல் 600 கிலோ ஆகிவிடும். ஆட்கள் ஏறி நடமாடும் சாதாரண வீட்டு மாடிக்குப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் நடமாட்டச் சுமை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோதான். செடி வைக்கும் அன்று மண் காய்ந்து கிடப்பதால் ஒன்றும் தெரியாது. அடைமழையில் வடிகால் துளையை நாலு இலை அடைத்துக்கொண்டால் போதும், தேங்குகிற ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் சதுர மீட்டருக்கு இன்னும் 10 கிலோ. பக்கத்தில் 1,000 லிட்டர் தொட்டியையும் வைத்தால் ஒரு டன் ஏறி உட்காருகிறது. "நம்ம கூரை தாங்கும்" என்று மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கணக்கு வாங்குங்கள். கனமானவற்றை உத்தரத்துக்கோ சுமை தாங்கும் சுவருக்கோ நேர்மேலே வைப்பது, களிமண்ணுக்குப் பதில் இலேசான கலவை போடுவது, தொட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது எல்லாம் அதற்குப் பிறகு. தூக்கி வைத்தால்தான் கசிவு கண்ணில் படும். நீர்த்தடுப்புப் பூச்சு போட்டதும் தண்ணீர் தேக்கிச் சோதித்துவிடுங்கள். மண் கொட்டிய பிறகு ஓட்டையைத் தேடுவது பெரும்பாடு.

வெயிலை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்வது இன்னொரு தவறு. 40 டிகிரி அட்சரேகையில் கோடை உச்சியில் நண்பகல் சூரியன் 73.5 டிகிரி உயரத்தில் நிற்கும், குளிர்கால உச்சியில் வெறும் 26.5 டிகிரியில். அதே 3 மீட்டர் சுவரின் நிழல் கோடையில் ஒரு மீட்டர்கூட வராது, குளிர்காலத்தில் 6 மீட்டர் நீளும். காய்க்கிற செடிக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரை 3, 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும்.

அடுத்து, எல்லோரையும் மயக்குகிற, வீட்டோடு ஒட்டிச் செடி வளர்க்கும் கண்ணாடி அறை. ஸ்வீடனில் பெங்ட் வார்னே என்ற கட்டடக் கலைஞர் 1970களில் வீட்டையே கண்ணாடிக் குடிலுக்குள் கட்டிக் காட்டினார். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும். ஆனால் செடி உறிஞ்சும் தண்ணீரில் ஏறக்குறைய முழுவதையும் இலை வழியே காற்றில் விட்டுவிடுகிறது. நீங்கள் ஊற்றும் 10 லிட்டரில் பெரும்பகுதி ஆவியாகி வீட்டுக்குள்ளேயே சுற்றும். குளிர்ந்த சுவரில் அது வியர்த்து, பூஞ்சை பிடித்து, கடைசியில் துணி அலமாரி நாறும். வீட்டுக்கும் அதற்கும் நடுவில் இறுக்கமாக மூடும் கதவு, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் திறப்புகள், ஈரக்காற்று நேரே வெளியே போக வழி, இவை இல்லாமல் அந்த அறை வேண்டாம். சாய்ந்த கண்ணாடியில் கோடை வெயில் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். நிமிர்ந்த கண்ணாடிக்கு ஒரு சின்னத் தாழ்வாரமே நிழல் கொடுத்துவிடும்.

குளியலறைத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவது நல்ல யோசனைதான். ஆனால் தொட்டியில் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் நாறும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம், மரத்தடியில் மண்ணுக்குக் கீழே விடுங்கள். சோடியமும் போரானும் உள்ள சலவைத்தூள் மண்ணைக் கெடுக்கும்.

1976-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 'ஆர்க்' என்ற வீட்டை நியூ ஆல்கெமி இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி அமைப்பு கட்டியது. குடியிருப்பு, கண்ணாடித் தோட்டம், மீன் தொட்டிகள் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். அதைக் கவனிக்க ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டில் கவனிக்கப் போவது வேலை முடிந்து களைத்து வரும் நீங்கள்தான். இயற்கையை ஒட்டி வீட்டையும் விளைநிலத்தையும் திட்டமிடும் பெர்மாகல்ச்சர் முறையை உருவாக்கிய பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் தினமும் தொட வேண்டியதை வாசலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதனால்தான். நான் அதைக் கேட்கவில்லை. உரப்பெட்டி கண்ணில் படக் கூடாதென்று வளவின் கடைக்கோடியில் வைத்தேன். முதல் மழை வாரத்திலேயே காய்கறித் தோல் பழையபடி குப்பைக்கூடைக்குப் போக ஆரம்பித்தது. இப்போது அது சமையலறைக் கதவிலிருந்து மூன்றே எட்டில், காய்ந்த இலை மூட்டையோடு இருக்கிறது. ஒரு பங்கு ஈரக்கழிவு போட்டால் இரண்டு, மூன்று பங்கு காய்ந்த இலையைப் போட்டு மூடுகிறேன். இதுவரை நாறவில்லை.