‘உடனே வாங்கு’ பொத்தான் வழக்குகள்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

ஈபே என்ற இணையச் சந்தையின் ‘பை இட் நவ்’ (உடனே வாங்கு) பொத்தானுக்காக நடந்த காப்புரிமை வழக்கு என்றதும் பலர் ஒரே கிளிக்கில் ஆர்டர் செய்யும் அமேசானின் ‘ஒன் கிளிக்’ கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அது வேறு, இது வேறு. ‘ஒன் கிளிக்’ அமேசானின் சொந்தக் காப்புரிமை. அதைக் காட்டித்தான் 1999 அக்டோபரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். ‘பை இட் நவ்’ வழக்கில் ஈபே குற்றம் சாட்டப்பட்ட தரப்பு. தாமஸ் உல்ஸ்டன் என்பவரின் மெர்க்எக்ஸ்சேஞ்ச் என்ற சிறிய நிறுவனம் 2001-இல் அதைக் கோர்ட்டுக்கு இழுத்தது.

இதைவிடப் பெரிய தவறு, பொத்தானை மட்டும் பார்ப்பது. காப்புரிமை எதைப் பிடிக்கும் என்பதை அந்த ஆவணத்தின் கடைசியில் இருக்கும் கோரல்கள்தான், அதாவது உரிமை கேட்கும் வாசகங்கள்தான், சொல்லும். ‘ஒன் கிளிக்’கின் முதல் கோரலைப் பிரித்துப் பாருங்கள்: பொருளின் விவரத்தைத் திரையில் காட்ட வேண்டும்; ஒரே ஒரு செயலில் ஆர்டரும் வாங்குபவரின் அடையாளமும் சர்வருக்குப் போக வேண்டும்; ஏற்கெனவே சேமித்துவைத்த விவரங்களை சர்வர் எடுத்து ஆர்டரை உருவாக்க வேண்டும்; ஷாப்பிங் கார்ட் முறை நடுவில் வரவே கூடாது. இதில் ஒன்று இல்லையென்றாலும் நேரடியான மீறல் கிடையாது. (வேறு வழியில் அதே வேலையைத்தான் செய்கிறது என்று வாதாட இடமுண்டு. அதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.) 1999 டிசம்பர் 1 அன்று, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில், பார்ன்ஸ் அண்ட் நோபிளின் ஒரே கிளிக்கில் வாங்கும் வசதிக்கு சியாட்டில் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஆர்டரை உறுதிசெய்ய இன்னொரு கிளிக்கைச் சேர்த்தது, அவ்வளவுதான். நீங்கள் இப்படி ஒரு வசதியை உருவாக்குவதாக இருந்தால், கோரலைத் தாளில் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றும் உங்கள் நிரலில் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். நான் பரிந்துரைக்கும் முதல் வேலை இதுதான்.

‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்ற வாதமும் அப்படியே செல்லாது. விண்ணப்பத் தேதிக்கு முன்பே இருந்தது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பார்ன்ஸ் அண்ட் நோபிள் காட்டிய ஆதாரங்களில் கணினிவழித் தகவல் சேவை நிறுவனமான கம்ப்யூசெர்வின் பங்குச்சந்தை வரைபடச் சேவையும் ஒன்று: ஒரு வரைபடத்துக்கு 50 சென்ட், கேட்டதும் வந்துவிடும். இப்படிப்பட்ட ஆதாரங்களைப் பார்த்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 பிப்ரவரியில் தடையை நீக்கியது. ஆனால் தடை நீங்கினால் காப்புரிமையே ரத்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காப்புரிமை அலுவலகத்தின் மறு ஆய்வில் 2010-இல் கோரல்கள் கொஞ்சம் சுருங்கினாலும், 2017 செப்டம்பரில் காலாவதியாகும்வரை அது உயிரோடுதான் இருந்தது.

நாட்டுக்கு நாடு காப்புரிமை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறைகளுக்குக் காப்புரிமை தராது. அதை நம்பி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கடை விரித்தால், அங்குள்ள சட்டம் தேடி வரும்.

சரி, ஈபேக்கு வருவோம். 2006 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ‘ஈபே ஜெயித்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். தீர்ப்பு பேசியது தடையாணையைப் பற்றி மட்டும்தான். அதுவரை மீறல் நிரூபணமானால் தடையாணை கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும். இனி நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்: ஈடு செய்ய முடியாத சேதம், பணம் மட்டும் போதாது என்பது, இரு தரப்பின் கஷ்டங்களையும் எடைபோட்டால் தடை நியாயம் என்பது, பொதுநலனுக்குக் கேடில்லை என்பது. ஈபே காப்புரிமையை மீறியது என்ற முடிவு அப்படியே நின்றது. தடையாணை கிடைக்கவில்லை, ஆனால் சுமார் 3 கோடி டாலர் கொடுக்கும்படி 2007 டிசம்பரில் உத்தரவு வந்தது.

இந்த வழக்கில் நான் மிக முக்கியமாக நினைப்பது, அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தை. 2000-இல் அந்தக் காப்புரிமைகளை வாங்க ஈபே பேசிப் பார்த்தது, படியவில்லை. பேசிய பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. 2003-இல் ஜூரி, ஈபே தெரிந்தே மீறியது என்று முடிவு செய்தது. பேச்சு முறிந்தால், எழுத்துப்பூர்வமான சட்டக் கருத்து கையில் இல்லாமல் அந்த வசதியைத் தொடராதீர்கள். 2000-இல் படியாமல் போன அந்தக் காப்புரிமைகளை, சமரசம் செய்துகொண்டு 2008 பிப்ரவரியில் ஈபே வாங்கிக்கொண்டது.